பான்கேக் மேல் ஊற்ற பன்னீர் திராட்சை சிரப்: பாட்டில்களில் ஒளிந்திருக்கும் '65' கணக்கு என்ன?

ஞாயிற்றுக்கிழமை காலை. பான்கேக் மிக்ஸ் பத்து நிமிடத்தில் டெலிவரி ஆகிவிடுகிறது. அதன் மேல் ஊற்ற வேண்டிய சிரப்பைத் தேடும்போதுதான் சிக்கல். அசல் மேப்பிள் சிரப்பின் விலையைப் பார்த்தால் பான்கேக்கே வேண்டாம் என்று தோன்றும். பக்கத்திலேயே மலிவாக இருக்கும் 'பான்கேக் சிரப்' பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால், பலவற்றில் மேப்பிள் ஒரு துளிகூட இருக்காது. சோளத்திலிருந்து எடுத்த இனிப்புப் பாகு, நிறம், வாசனை. அவ்ளோதான்.

சரி, வீட்டிலேயே பழ சிரப் செய்துகொள்ளலாமே? செய்யலாம். ஒரு கிலோ பழம், சர்க்கரை, ஒரு எலுமிச்சை, முக்கால் மணி நேர அடுப்பு வேலை. ஆனால், முதல் முறை செய்பவர்களில் பலருக்கு இரண்டில் ஒன்று நடக்கிறது. ஒன்று, சிரப் மறுநாள் ஜெல்லியாக உறைந்து, பாட்டிலைக் கவிழ்த்தாலும் வர மறுக்கிறது. அல்லது, "உடம்புக்கு நல்லது" என்று சர்க்கரையைக் குறைத்துப் போட்டு, பத்தாவது நாள் மூடியைத் திறந்ததும் 'புஸ்ஸ்' என்று காற்று வெளியேறுகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: சிரப்பின் கெட்டித்தன்மையும் ஆயுளும் எங்கிருந்து வருகின்றன என்பது தெரியாமல் இருப்பது.

அது என்ன 65?

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதிப்படி, 'பழ சிரப்' அல்லது 'பழ சர்பத்' என்று பெயர் போட்டு விற்க வேண்டுமானால், அதில் குறைந்தது 25 சதவீதம் பழச்சாறு இருக்க வேண்டும். கரைந்திருக்கும் திடப்பொருள், அதாவது பெரும்பாலும் சர்க்கரை, 65 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இதே 25 சதவீதப் பழத்தோடு சர்க்கரை அளவு 55 என்றால் அது 'கிரஷ்', 40 என்றால் 'ஸ்குவாஷ்'. சூப்பர் மார்க்கெட்டில் ஒரே அலமாரியில் நிற்கும் இந்த மூன்றுக்கும் முக்கியமான வித்தியாசம் இந்த எண்தான்.

இப்போது கனடா பக்கம் போவோம். மேப்பிள் மரத்திலிருந்து வடியும் நீரில் சர்க்கரை 2 சதவீதம் அளவில்தான் இருக்கும். சுமார் 40 லிட்டரைக் காய்ச்சினால்தான் 1 லிட்டர் சிரப் கிடைக்கும். அதை எப்போது இறக்குகிறார்கள் தெரியுமா? சர்க்கரை 66 சதவீதத்தைத் தொடும்போது. மருந்துக் கடைக்கு வாருங்கள். இருமல் மருந்து போன்றவற்றுக்கு அடிப்படையாக இந்திய மருந்தியல் நூலான இந்தியன் ஃபார்மகோபியா சொல்லும் 'சிம்பிள் சிரப்'பில் சர்க்கரை எடையில் 66.7 சதவீதம்.

மூவரும் பேசிவைத்துக்கொண்டு முடிவெடுக்கவில்லை. சர்க்கரையின் குணம் அப்படி. அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய இரண்டு கிலோ சர்க்கரைதான் கரையும். சதவீதத்தில் அது 67. அதற்கு மேல் போனால், ஆறியதும் கூடுதல் சர்க்கரை படிகமாக வெளியே வந்துவிடும். நம் ஊர் கற்கண்டு செய்வது இந்த வித்தையை வைத்துத்தான். மிகவும் கீழே போனால் வேறு பிரச்சினை. சர்க்கரை தண்ணீரைத் தன்னோடு கட்டிப்போட்டு, கிருமிகளுக்குத் தாகம் தீராமல் செய்கிறது. சர்க்கரை குறையக் குறைய, கட்டுப்படாத தண்ணீர் மிஞ்சும். ஈஸ்ட்டுக்கும் பூஞ்சைக்கும் விருந்து. ஆக, மேலே போனால் கற்கண்டு, கீழே போனால் பூஞ்சை. இடையில் இருக்கும் குறுகிய சந்துதான் 65.

ஒரு குட்டித் தகவல்: 'சிரப்', 'சர்பத்' இரண்டுமே 'குடிப்பது' என்ற பொருள் கொண்ட ஒரே அரபு வேரிலிருந்து வந்த சொற்கள். ஒன்று லத்தீன் வழியாக ஐரோப்பா சுற்றி வந்தது. இன்னொன்று பாரசீகம் வழியாக நம் ஊர் நன்னாரி சர்பத் கடைக்கு வந்தது.

ஏன் பன்னீர் திராட்சை?

எந்தப் பழத்திலும் சிரப் செய்யலாம் என்பார்கள். முதல் முறை செய்பவருக்குப் பன்னீர் திராட்சையைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் அறுவடையாகும் இந்தத் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. விதையில்லாத திராட்சைகளுக்கு நடுவே, கொட்டை இருக்கிறது என்பதாலேயே பலர் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். சாப்பிடும்போது தொல்லை தரும் கொட்டை, சிரப்பில் வடிகட்டியோடு போய்விடும்.

இதன் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். மஸ்கட் குடும்பத் திராட்சைகளின் சிறப்பே மணம்தான். அந்த மணத்தைத் தரும் பொருள்களில் ஒன்று ஜெரானியால். ரோஜாவின் வாசனையிலும் அதே ஜெரானியால் உண்டு. பன்னீர் என்று இதற்குப் பெயர் இருப்பது எவ்வளவு பொருத்தம் பாருங்கள்.

அந்த மணம்தான் இங்கே பணயமும்கூட. இந்த வாசனைப் பொருள்கள் எளிதில் ஆவியாகிப் பறக்கக்கூடியவை. அடுப்படியில் திராட்சை வாசம் கமகமவென்று வீசினால் சந்தோஷப்படாதீர்கள். பாட்டிலில் இருக்க வேண்டியது எக்ஸாஸ்ட் ஃபேன் வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

கம்பிப் பதம் என்னும் பழக்கதோஷம்

தமிழ்நாட்டுச் சமையலறையில் வளர்ந்தவர்களுக்குச் சர்க்கரைப் பாகு என்றாலே பதம்தான் நினைவுக்கு வரும். குலாப் ஜாமூனுக்குப் பிசுபிசுப்புப் பதம், மைசூர்பாக்கு என்றால் ஒற்றைக் கம்பி. விரலில் தொட்டு, நூல் வருகிறதா என்று பார்ப்பது கைப்பழக்கம். பழ சிரப்பில் இந்தப் பழக்கமே வினையாகிறது.

காரணம் பெக்டின். பழத்தின் தோலிலும் சதையிலும் இருக்கும் இந்த நார்ப்பொருள், சர்க்கரையும் புளிப்பும் போதிய அளவு சேரும்போது வலைபோலப் பின்னிக்கொள்ளும். ஜாம் உறைவது இப்படித்தான். ஜாமிலும் சர்க்கரை கிட்டத்தட்ட சிரப்பில் இருக்கும் அளவுதான். திராட்சைச் சாற்றில் பெக்டின் இருக்கிறது, புளிப்பும் இருக்கிறது. அதைக் கம்பி வரும்வரை காய்ச்சினால் கிடைப்பது சிரப் அல்ல, ஜெல்லி.

தவிர, சூடான சர்க்கரைப் பாகு எப்போதுமே நீர்க்கத்தான் இருக்கும். ஆற ஆறத்தான் கெட்டியாகும். அடுப்பில் இருக்கும்போதே தேன் மாதிரி ஆகிவிட்டதென்றால், ஃபிரிட்ஜில் வைத்ததும் அது கட்டி. எனவே கெட்டித்தன்மையை அடுப்பிடம் விடாமல், முதலிலேயே தராசிடம் ஒப்படைத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். பழச்சாறு எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்பதை எடை போட்டுவிட்டால் காய்ச்சி வற்றவைக்கும் வேலையே இல்லை.

இதற்கு நேர் எதிரான மரபும் உலகில் உண்டு. துருக்கியில் 'பெக்மெஸ்' என்று ஒன்று. சர்க்கரையே சேர்க்காமல் திராட்சைச் சாற்றை நெடுநேரம் காய்ச்சிக் கருப்பாக்கி, எள்ளு விழுதோடு கலந்து காலை உணவாக ரொட்டிக்குத் தொட்டுக்கொள்கிறார்கள். அங்கே வேண்டுவது காய்ச்சிய பாகின் கருகல் ருசி. பன்னீர் திராட்சையிடம் நாம் கேட்பது பூவின் மணம். பழத்துக்கும் ருசிக்கும் ஏற்றபடிதான் அடுப்பு.

செய்முறை: அடுப்பு சிம்மில், கண் தராசில்

1 கிலோ பன்னீர் திராட்சையைக் காம்பு நீக்கி, ஓடும் குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். சோப்பெல்லாம் வேண்டாம். பழத்தின் மேல் சாம்பல் பூத்ததுபோல மெல்லியதாகத் தெரிவது இயற்கையான மெழுகாக இருக்கலாம், மருந்து தெளித்த தடமாகவும் இருக்கலாம். இரண்டையும் கண்ணால் பிரித்தறிய முடியாது என்பதால் அலசுவதில் கஞ்சத்தனம் கூடாது.

எவர்சில்வர் பாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள். புளிப்பான சாறு என்பதால் அலுமினியமும் இரும்பும் ஆகாது. பழத்தோடு அரை தம்ளர் தண்ணீர் ஊற்றி, சிறு தீயில் 10 முதல் 12 நிமிடம். ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி வர வேண்டும், தளதளவென்று கொதிக்கக் கூடாது. இந்தத் திராட்சையின் சதை வெளிறிய பச்சைதான். கருநீல நிறம் மொத்தமும் தோலில் இருக்கிறது. அது சாற்றில் இறங்குவதற்குத்தான் இந்தச் சூடு. தோல் வெடித்ததும் மத்தாலோ கரண்டியாலோ மசியுங்கள். மிக்ஸி வேண்டவே வேண்டாம். கொட்டை உடைந்தால் துவர்ப்பும் கசப்பும் இறங்கி, பிறகு எவ்வளவு சர்க்கரை போட்டாலும் மறையாது.

சுத்தமான மெல்லிய வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். துணியைப் பிழியாமல் சொட்டுச் சொட்டாக வடியவிட்டால் கண்ணாடிபோலத் தெளிந்த சிரப் கிடைக்கும் என்பார்கள். உண்மைதான். ஆனால், பான்கேக்கில் ஊற்றப்போகிற சிரப்புக்கு அவ்வளவு அழகு தேவையில்லை. தாராளமாகப் பிழியலாம்.

இனி தராசு. சாறு 600 கிராம் வந்தால் சர்க்கரையும் 600 கிராம். சம எடை. சாற்றிலேயே கொஞ்சம் சர்க்கரை இருப்பதால், மொத்தம் 57 சதவீதம் அளவில் வந்து நிற்கும். அதாவது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. கணக்கில் இது கிரஷ்ஷுக்கும் சிரப்புக்கும் நடுவில். 65-ஐத் தொட வேண்டுமானால் அதே சாற்றுக்கு 850 கிராம் வரை சர்க்கரை கொட்ட வேண்டியிருக்கும். வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கும்போது அது தேவையே இல்லை. கடைக்காரருக்கு அலமாரியில் மாதக்கணக்கில் நிற்க வேண்டும், உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

கப்பில் அளப்பவர்கள் கவனிக்க: ஒரு கப் சர்க்கரை சுமார் 200 கிராம், ஒரு கப் தண்ணீர் 240 கிராம். 'ஒன்றுக்கு ஒன்று' என்று கப்பில் அளந்தால் சர்க்கரை எடையில் குறைந்துவிடும். இணைய செய்முறைகள் சில நேரம் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

சர்க்கரை சிறு தீயில் முழுக்கக் கரைந்த பிறகு, ஒரே ஒரு கொதி. மேலே எழும் நுரையை எடுத்துவிட்டு இறக்குங்கள். இந்த ஒரு கொதி ருசிக்காக இல்லை, ஈஸ்ட்டைக் கொல்வதற்காக. அதனால் இதைத் தவிர்க்கக் கூடாது. இறக்கியதும் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்த்தால், மங்கலான ஊதா சட்டென்று பளிச் சிவப்பை நோக்கி மாறுவது கண்ணெதிரே தெரியும். திராட்சையின் நிறமியான ஆந்தோசயனின், புளிப்பில் சிவக்கும், காரத்தில் நீலம் பாயும். போர்வெல் தண்ணீரில் செய்யும் சிரப் சில வீடுகளில் அழுக்கு நீலமாக வருவதற்கு அந்தத் தண்ணீரின் காரத்தன்மையும் ஒரு காரணம். எலுமிச்சைக்கு இன்னொரு வேலையும் உண்டு. சர்க்கரை திரும்பப் படிகமாகாமல் தடுக்கும்.

சந்தேகமாக இருந்தால், ஃப்ரீசரில் வைத்து எடுத்த ஸ்டீல் தட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். மெதுவாக வழிந்தால் சரி. வழியாமல் நின்றால் கொஞ்சம் வெந்நீர் சேர்த்துக் கலக்குங்கள். கொதிக்கும் நீரில் 10 நிமிடம் போட்டு எடுத்த கண்ணாடி பாட்டிலில் சூடாகவே ஊற்றி மூடிவிடலாம். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம். கிட்டத்தட்ட 900 மி.லி. சிரப் கிடைக்கும். எடையில் பாதி பழச்சாறு. விதி கேட்பதுபோல இரண்டு மடங்கு.

எத்தனை நாள் தாங்கும்?

சம எடையில் செய்தது ஃபிரிட்ஜில் மூன்று, நான்கு வாரம். ஈரக் கரண்டி போடக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஊறுகாய் ஜாடியோடு வளர்ந்தவர்கள்தானே. சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தால், அதாவது 600-க்கு 300 போட்டால், மொத்தம் 43 சதவீதம் அளவில்தான் நிற்கும். அதை ஒரு வாரத்தில் முடித்துவிட வேண்டும். இல்லையென்றால் ஐஸ் டிரேயில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்து, வேண்டும்போது இரண்டு கட்டி எடுத்துக்கொள்ளலாம். குறைந்த சர்க்கரையும் வேண்டும், மூன்று மாதமும் தாங்க வேண்டும் என்றால் இரண்டும் சேர்ந்து நடக்காது. ஸ்டீவியா போன்ற மாற்று இனிப்புகள் நாக்கை ஏமாற்றும், தண்ணீரைக் கட்டிப்போடாது.

மூடி திறக்கும்போது காற்று சத்தம், குமிழி, கள் வாசம், மேலே வெள்ளை ஏடு – இதில் எது தெரிந்தாலும் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். மேலே மட்டும் வழித்துவிட்டுப் பயன்படுத்துவது சரியல்ல. ஆனால், அடியில் கண்ணாடித் துகள்போல மினுமினுக்கும் படிகங்கள் கிடந்தால் பயம் வேண்டாம். திராட்சையில் இயல்பாக உள்ள டார்டாரிக் அமிலத்தின் உப்பு அது. குளிரில் வெளியே வரும். வடிகட்டினால் போதும்.

கடைகளில் கிடைக்கும் ப்ரிசர்வேட்டிவ்களைச் சேர்க்கலாமா? பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் சிவப்பு, ஊதா பழங்களின் நிறத்தை வெளுத்துவிடும் என்பதால், அந்தப் பழங்களுக்கு ஆலைகளில் சோடியம் பென்சோயேட்தான் பயன்படுத்துவார்கள். எதுவானாலும் மிகச் சிறிய அளவில் துல்லியமாகப் போட வேண்டிய பொருள். கண்ணளவில் 'ஒரு சிட்டிகை' போடும் சமாச்சாரம் அல்ல. ஃபிரிட்ஜ் போதும்.

வேறு பழங்களில்?

ஸ்ட்ராபெர்ரிக்கு அடுப்பே ஆரம்பத்தில் வேண்டாம். நறுக்கி, சம எடை சர்க்கரை தூவி, மூடி ஓர் இரவு ஃபிரிட்ஜில் வைத்தால் பழம் தானே சாறு விட்டுவிடும். காலையில் அந்தச் சாற்றை மட்டும் ஒரு கொதி விட்டு எடுத்தால் போதும். கொரியாவின் 'மேசில் சொங்' இதே தத்துவம்தான். பச்சைப் பிளம் காயையும் சர்க்கரையையும் சம எடையில் அடுக்கி, நூறு நாள்போல ஊறவைப்பார்கள்.

நாவல் பழ சீசனில் திராட்சை முறையையே பின்பற்றலாம். கொய்யாவில் பெக்டின் அதிகம், சிரப்பாக நிற்க வைப்பது கஷ்டம். ஜெல்லி செய்துவிடுவது நல்லது. மாம்பழம் சிரப்புக்கு ஏற்றதல்ல. வடிகட்டினால் அதன் அழகே போய்விடும், கூழாகவே பயன்படுத்துங்கள். பப்பாளி, தர்பூசணி, கிர்ணி, வாழை ஆகியவற்றில் புளிப்பு மிகக் குறைவு. ஆபத்தான பாக்டீரியாக்களைத் தடுக்கும் அமிலம் போதாது என்பதால், இவற்றில் சிரப் செய்து வெளியே பாட்டிலில் அடைத்து வைக்கவே கூடாது.

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி? அன்னாசிக்குக் கருப்பட்டி பிரமாதமாகச் சேரும். பன்னீர் திராட்சைக்குச் சேராது. கருப்பட்டி வாசம் திராட்சையை அமுக்கிவிடும். ஆரோக்கியத்துக்காகத்தான் மாற்றுகிறீர்கள் என்றால், பெரிய லாபம் எதுவும் இல்லை.

பழம்தானே... எவ்வளவு வேணாலும் ஊத்திக்கலாமா?

இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில்: கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒருநாள் ஆற்றலில் 10 சதவீதத்துக்குக் கீழே 'ஃப்ரீ சுகர்' இருக்க வேண்டும் என்கிறது. 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 50 கிராம். முடிந்தால் அதிலும் பாதியாக, 25 கிராமுக்குள் நிறுத்தினால் கூடுதல் நன்மை. சேர்த்த சர்க்கரை மட்டுமல்ல, தேன், சிரப், பழச்சாற்றில் இருக்கும் சர்க்கரையும் இந்தக் கணக்கில்தான் வருகிறது.

நம் சிரப்பில் ஒரு மேசைக்கரண்டிக்கு சுமார் 11 கிராம் சர்க்கரை. பான்கேக் மேல் இரண்டு கரண்டி ஊற்றினாலே 22 கிராம். அதன்பின் ஒரு காபி குடித்தால் அந்த 25 முடிந்தது. விளம்பரப் படங்களில் அடுக்கின் மேலிருந்து அருவிபோல வழிகிறதே, அது ஒரே தட்டில் ஒரு நாள் ஒதுக்கீடு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் சர்க்கரை மிகுந்த உணவே வேண்டாம் என்று அதே நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதல் சொல்கிறது. எனவே, குட்டிப் பாப்பாவின் தட்டுக்கு 'ஹோம்மேட்' என்ற பெயரில் விதிவிலக்கு கிடையாது. வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால், சிரப்பைவிட திராட்சையைத் தோலோடு, கொட்டை நீக்கி, லேசாக வேகவைத்த கம்போட் பரவாயில்லை. நாரும் மிஞ்சும். அளவை மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஊற்றுவதற்குப் பதிலாகத் தொட்டுக்கொள்ளும் சின்னக் கிண்ணத்தில் வைத்தால் பாதி அளவே போதும். சிரப் சேரும் நாளில் பான்கேக் மாவிலும், பிரெஞ்ச் டோஸ்ட்டின் முட்டைக் கலவையிலும் சர்க்கரையை நிறுத்திவிடலாம். இனிப்பில்லாத ராகி பான்கேக் இதற்கு நல்ல ஜோடி. ஆப்பத்துக்குச் சர்க்கரை சேர்க்காத தேங்காய்ப்பால் ஊற்றி, மேலே அரைக் கரண்டி சிரப் விட்டுப் பாருங்கள். கெட்டித் தயிர், வெனிலா ஐஸ்கிரீம் இரண்டோடும் ஒட்டும். சூடான பால் பாயசத்தில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், புளிப்பு பட்டுத் திரிந்துவிடும். பாயசம் நன்றாக ஆறி, பரிமாறும் நேரத்தில் மேலே ஒரு கோடு போதும்.

வடிகட்டிய துணியில் மிஞ்சும் தோலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நிறமும் மணமும் இன்னும் அதில் இருக்கிறது. இரண்டு தம்ளர் தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் சூடாக்கி, வடிகட்டி, ஒரு சிட்டிகை உப்பும் எலுமிச்சையும் சேர்த்தால், அன்றைக்கே குடித்து முடிக்க இரண்டு கிளாஸ் ஜூஸ் தயார். அதற்குச் சர்க்கரை வேண்டாம்.